பூனை காணாமல் போன புத்தகம்

அத்தியாயம் பதினொன்று

"நாளைக்கு நீ அழப்போறே பாரு, அதுவும் சந்தோஷத்துல" என்று பெரியவள் போனில் சொன்ன இடத்தில் போன வாரம் விட்டோம். அழுகை வந்தது. சொன்ன சொல்லில் அந்தப் பாதியை மட்டும்தான் பெரியவள் காப்பாற்றினாள்.

காலை எட்டரைக்கே சின்னவள் புத்தகக் கடையின் மாடிக்கு வந்துவிட்டாள். நீளமான கூடம். ஒரு பக்கம் ஜன்னல்கள், எதிர்ப்பக்கம் வெள்ளையடித்த காலிச் சுவர். கடைக்காரர் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கம்பி கட்டி, மரக் கிளிப்புகளை மேஜையில் கொட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கம்பியில்தான் அவள் வரைந்த பதினாறு படங்களும் வரிசையாகத் தொங்கப் போகின்றன. பதினோரு மணிக்கு விழா.

பன்னிரண்டு வருஷமாக வரைகிறாள். எல்லாம் பாடப் புத்தகப் படங்கள். தவளையின் வாழ்க்கைச் சுற்று, நுரையீரல், குறுக்காக வெட்டிய தண்டு. ஒரு படத்துக்குக் கீழேயும் அவள் பெயர் வந்ததில்லை. நுரையீரலை வரைந்த புண்ணியவதி யார் என்று எவர் கேட்கப் போகிறார்கள்? அவள் வரைந்து வெளிவரும் முதல் கதைப் புத்தகம் இது. எழுதியவள் கூடப் பிறந்த அக்கா. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் நாமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இவ்வளவு போதும். சின்னவளின் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருக்கு மாற்றல் வந்து, போன வருஷம் குடும்பமே இந்த ஊருக்குப் பெட்டி கட்டியது. ஒன்பது வயது மகள் சிட்டுவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். பெரியவள் இதே ஊரில் பல வருஷமாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்தும் வேலை, மிச்ச நேரத்தில் குழந்தைகளுக்குக் கதை. சிட்டுவுக்குப் பெரியம்மா என்றால் உயிர். பெரியம்மாவுக்கும் அப்படியேதான், அதில் பொய் கிடையாது.

புத்தகத்தின் பெயர் 'பக்கத்து நாற்காலி'. ஒரு சின்னப் பெண்ணின் பூனையைக் காணவில்லை. எங்கே போனாலும் அவள் பூனைக்கு ஓர் இடம் பிடித்து வைக்கிறாள். நாற்காலியில், ஊஞ்சல் பலகையில், தலையணையில். பூனையோ ஒவ்வொரு பக்கத்திலும் எங்கேயாவது ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது. படிக்கிற குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். எங்கெங்கே ஒளிப்பது என்று முடிவு செய்தவள் சிட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் மேஜையில் ஏறி உட்கார்ந்து, "வாளிக்குள்ளம்மா, காது மட்டும் தெரியட்டும்" என்று உத்தரவு போடுவாள். படத்தில் இருக்கும் பெண்ணும் அவள்தான். முன்பல் ஓட்டை, ஒரு காலில் மட்டும் இறங்கிக் கிடக்கும் சாக்ஸ், எல்லாம் அப்படியே.

ஒன்பதரை மணிக்கு அவள் படங்களை மாட்டி முடித்தபோது பதிப்பகத்து அம்மாள் வந்து ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே பதினாறு அட்டைகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தந்தப் பக்கத்து வரிகளை ஒட்ட வேண்டுமாம். சின்னவளுக்குக் கதை மனப்பாடம். படிக்காமலே முதல் இரண்டை ஒட்டினாள். மூன்றாவது ஊஞ்சல் படம். அட்டையில் வரிகள் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று பார்த்தாள்.

'ஊஞ்சலில் பாதி எனக்கு. பாதி புள்ளிக்கு. உங்களுக்குப் புள்ளியைத் தெரியாது. அவள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டாள்.'

மறுபடி படித்தாள். புள்ளி. அதே பெயர்.

புள்ளி யார் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை பத்து வாரம் இந்த விஷயத்தை நானும் மூடித்தான் வைத்திருந்தேன். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த இரண்டாவது வாரத்திலிருந்து சிட்டு ஒரு தோழியைப் பற்றியே பேசினாள். மோவாயில் மச்சம் இருப்பதால் எல்லாரும் அவளைப் புள்ளி என்று கூப்பிடுவார்களாம். நன்றாக விசிலடிப்பாளாம். பல்லிக்கு மட்டும் பயமாம். சின்னவளுக்கு நிம்மதி. சாப்பாட்டு டப்பாவில் புள்ளிக்கும் சேர்த்து ஒரு பங்கு வைக்க ஆரம்பித்தாள். டப்பா தினமும் காலியாக வந்தது.

சிட்டுவின் பிறந்தநாளுக்குப் புள்ளியை அழைக்கலாம் என்று விலாசம் கேட்கப் பள்ளிக்கூடம் போனாள். டீச்சர் பெயர்ப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு குழந்தையே இல்லையே என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்கள் பெண் இன்னும் யாரோடும் சேரவில்லை, மதியம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாகப் போய் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள் என்றார்.

அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அக்காவுக்குப் போன் செய்து அழுது தீர்த்தாள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுவிடுவார். குழந்தையைக் கேட்டால் கூசிப்போய்விடும், தானாகச் சரியாகட்டும், நமக்குத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். அக்கா, இது உன்னோடயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டதற்கு, செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள் பெரியவள். அதற்கப்புறம் நாலு மாதமாகச் சின்னவள் ஒரு நாள் விடாமல், "இன்னைக்கு புள்ளி என்ன சொன்னா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவில் அந்த இன்னொரு பங்கும் நிற்கவில்லை.

பெரியவள் வாயைத் திறக்கவில்லைதான். எழுதிவிட்டாள்.

சின்னவள் பதினாறு அட்டையையும் நின்ற இடத்திலேயே படித்தாள். கடைசிப் படத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை. பூனைக்காக அம்மா இன்னொரு தட்டு வைக்கிறாள். அதற்குக் கீழே ஒட்ட வேண்டிய அட்டையில் இப்படி இருந்தது: 'புள்ளி இல்லை என்று அம்மாவுக்கு ரொம்ப நாளாகவே தெரியும். ஆனாலும் தினமும் கேட்பாள், இன்றைக்குப் புள்ளி என்ன சொன்னாள் என்று.'

பதினோரு மணிக்குச் சிட்டு வரப்போகிறாள். பெரியம்மா கதை படிக்க, அவள் குச்சியால் படத்தைத் தொட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்காக ஒரு வாரமாக வீட்டில் ஒத்திகை. அதோடு போகிறதா? அவள் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரையும் டீச்சர் கூட்டிக்கொண்டு வருகிறார். அந்த ஏற்பாட்டையும் பெரியவள்தான் செய்தாள்.

பெரியவள் கூடத்துக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில், புத்தகப் பெட்டிகளுக்கு நடுவே பேனா மூடியைக் கடித்தபடி நின்றிருந்தாள். நல்ல புடவை. தலையில் பூகூட வைத்திருந்தாள். தங்கை கையிலிருந்த அட்டைகளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. மறுநிமிஷமே சமாளித்துக்கொண்டு, "உக்காரு, சொல்றேன்" என்றாள்.

சின்னவள் உட்காரவில்லை.

பெரியவள் சொன்னதன் சாரம் இது. கடைசி மாதத்தில் பதிப்பகத்து அம்மாள், பூனைக் கதையில் சாரமில்லை, வேறு எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பெரியவளின் மேஜை இழுப்பறையில் புள்ளியின் கதை கிடந்தது. தனக்காக எழுதியதுதானாம், அச்சேற்றும் எண்ணமே இல்லையாம். சும்மா படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாளாம். எல்லாப் படத்திலும்தான் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே. அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டதாம். பூனை மட்டும்தான் இடைஞ்சல், அதைக் கணினியில் அழித்துவிட்டார்களாம்.

சின்னவள் ஒரு பெட்டியைக் கிழித்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். வாளி வெறும் வாளியாக இருந்தது. ஊஞ்சலுக்குப் பின்னால் வால் இல்லை. சிட்டு யோசித்து யோசித்து ஒளித்துவைத்த பூனை ஒரு பக்கத்திலும் இல்லை. புத்தகத்தைப் பெட்டியிலேயே போட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

ஒளிவு மறைவு இல்லாத பதில்தான். அதனாலேயே அது இன்னும் வலித்தது. படப் புத்தக வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓவியர் எழுத்துக்கு இடம் விட்டு வரைந்து கொடுத்துவிடுவார். எழுத்தை அப்புறம்தான் சேர்ப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் எல்லாம் சேர்ந்த கடைசிப் பிரதி ஒன்று வரும். ஓவியரும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம் சிட்டுவுக்குக் காய்ச்சல். பெரியவள் கையெழுத்துத் தாளை மட்டும் கொண்டு வந்து, பிழை திருத்துகிறவள் நானே வரிக்கு வரி பார்த்துவிட்டேன், நீ குழந்தையைக் கவனி என்றாள். சின்னவள் அடுப்படியிலேயே நின்று கையெழுத்துப் போட்டாள். வேறு யாராக இருந்தாலும் பிரதியைக் காட்டு என்று கேட்டிருப்பாள். அக்காவிடம் யாராவது கேட்பார்களா?

"ஒரு எழுத்துகூட மாறலைன்னு சொன்னே, அக்கா."

பெரியவள் பேனா மூடியைத் திருகினாள். யாருக்குத் தெரியப்போகிறது, சிட்டு என்று எங்கேயாவது பெயர் போட்டேனா என்று கேட்டாள்.

"முகமே அவளோடது. நான்தானே வரைஞ்சேன். புள்ளிங்கிற பேரையாவது மாத்தியிருக்கலாம்ல?"

"மாத்திப் பாத்தேன். உயிரே இல்லாம போச்சு."

கேட்டீர்களா நியாயத்தை. சின்னவளுக்கு அந்த நிமிஷம் அக்காவை அடித்துவிடலாமா என்றிருந்தது. அடித்தால் பதினோரு மணி ஆகாமல் நின்றுவிடுமா? அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"நான் பஸ் ஸ்டாப்ல நின்னு அழுதப்ப, நீ அந்தப் பக்கம் குறிப்பு எடுத்துட்டு இருந்தியா?"

"சத்தியமா இல்லை" என்றாள் பெரியவள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அடுத்த நாள்தான் எழுத ஆரம்பிச்சேன்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராகக் கம்பிக்குப் போய், முதல் படத்தின் கிளிப்பைக் கழற்றினாள். இரண்டாவதையும் கழற்றினாள். பதிப்பகத்து அம்மாள் ஓடி வந்தார். விருந்தினர்கள் மதியம் வருகிறார்கள், இருநூறு பிரதி வந்து இறங்கியிருக்கிறது, இதென்ன விளையாட்டு என்றார். சின்னவள் நிதானமாகவே பேசினாள். படங்கள் அவளுடையவை. அவளிடம் கடன் வாங்கித்தான் சுவரில் மாட்டுகிறார்கள், அதற்குக் காகிதம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும்வரை ஓர் அட்டையும் சுவரில் இருக்கக் கூடாது, ஒரு புத்தகமும் வெளியே வரக் கூடாது, அக்கா பழைய பூனைக் கதையைத்தான் சொல்ல வேண்டும். சம்மதமென்றால் படம் இருக்கும். இல்லையென்றால் பதினோரு மணிக்கு வெறும் சுவரைக் காட்டுங்கள் என்றாள்.

அந்த அம்மாளுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. ஆனால் வெறும் சுவர் நன்றாகப் புரிந்தது. சம்மதித்தார்.

இதனால் புத்தகம் ஊர் முழுக்கப் போவது நிற்காது என்று சின்னவளுக்குத் தெரியாமல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? அவள் கேட்டது ஒரே ஒரு நாள் அவகாசம். இன்று சாயங்காலம் சிட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்து, புள்ளி இல்லை என்று எனக்குத் தெரியும் கண்ணா, அதனால் ஒன்றுமில்லை என்று தன் வாயால் சொல்லிவிட வேண்டும். குழந்தை அதை அம்மாவிடமிருந்து கேட்க வேண்டும். அச்சடித்த தாளிலிருந்து, அதுவும் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில், தெரிந்துகொள்ளக் கூடாது.

"சிட்டு மேல சத்தியம் பண்ணு" என்றாள் அக்காவிடம்.

"சிட்டு மேல சத்தியமா, அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன்" என்றாள் பெரியவள்.

ஒட்டியிருந்த இரண்டு அட்டைகளையும் பிய்த்து, பதினாறையும் கைப்பையில் திணித்துக்கொண்டு, படங்களை மறுபடி மாட்டி முடித்தபோது கீழே படியில் சிட்டுவின் குரல் கேட்டது.

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்றொரு கையில் ஒத்திகைக் குச்சி. அப்பா வேலைக்குப் போகும் சட்டையிலேயே வந்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து, என்ன, மேடை பயமா, மேடையேறுவது உங்கள் அக்காதானே என்று கேலி செய்தார். அவள் சிரித்து வைத்தாள். பின்னாலேயே முப்பது பிள்ளைகளும் டீச்சரும் வந்தார்கள். கூடம் சந்தைக் கடையாகிவிட்டது.

பெரியவள் சொன்ன சொல் தவறாமல் பூனைக் கதையைச் சொன்னாள். எழுத்தில் அவள் எப்படியோ, வாயால் கதை சொல்ல ஆரம்பித்தால் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். "பூனை எங்கே?" என்று அவள் கேட்டதும் முப்பது பேரும் சுவரில் போய் விழுந்தார்கள். வாளிக்குள் காதைக் கண்டுபிடித்தார்கள். திரைக்குப் பின்னால் வாலைக் கண்டுபிடித்தார்கள். பத்தாவது படத்தில் மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. டீச்சரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் சிட்டு குச்சியை நீட்டி, மேஜைமேல் இருந்த கெட்டிலின் வயிற்றைத் தொட்டாள். அந்தப் பளபளப்பில், குட்டியூண்டாக, ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பூனையின் பிம்பம்.

"நீயா ஒளிச்சு வச்சே?" என்று ஒரு பெண் கேட்டாள். நீல ரிப்பன் கட்டிய ஒல்லிப் பெண்.

"நான்தான் சொன்னேன். அம்மா வரைஞ்சாங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஜூஸும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்த நீல ரிப்பன் தன் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, எதுவும் கேட்காமல் பாதியைச் சிட்டுவிடம் நீட்டினாள். சிட்டுவும் எதுவும் சொல்லாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். சின்னவள் அதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். ஆனால் அவள் மனசு முழுக்கச் சாயங்காலம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதில்தான் இருந்தது. இருந்தாலும் அந்தப் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு டீச்சர் பிள்ளைகளை வரிசைகட்டி அழைத்துக்கொண்டு போனார். சிட்டு மட்டும் அப்பா அம்மாவோடு தங்கிவிட்டாள். அப்பா கீழே மதிய விருந்தினர்களுக்கு நாற்காலி போட உதவப் போனார். சின்னவள் ஜூஸ் கோப்பைகளைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூடம் ரொம்ப நேரமாக அமைதியாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

ஜன்னல் திண்டில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புத்தகம்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் இரண்டடி தள்ளி, கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். பெட்டியிலிருந்து எடுக்கவில்லை, சத்தியமாகப் பெட்டியைத் தொடவில்லை என்றாள். நேற்றே கையெழுத்துப் போட்டு இவளுக்கென்று பையில் எடுத்து வைத்த ஒரே ஒரு பிரதியாம். எல்லாரும் போன பிறகுதானே கொடுத்தேன் என்றாள்.

"அவளாவது படிக்கணும்னு தோணிச்சு" என்றாள். "அவளுக்காகத்தானே எழுதினேன்."

இனி இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லச் சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்கு நேரமில்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரியவளின் குண்டு குண்டான கையெழுத்து தெரிந்தது. 'புள்ளியைக் கண்டுபிடித்த என் சிட்டுவுக்கு, பெரியம்மா.' பெயரே போடவில்லை என்று காலையில் சாதித்தவள், தன் கையாலேயே பெயரைப் போட்டு வைத்திருந்தாள்.

"பூனையைக் காணோம்மா" என்றாள் சிட்டு.

அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

"கெட்டில்லயும் பாத்தேன். எங்கயுமே இல்லை. அதான் எழுத்துல இருக்கான்னு படிச்சேன்."

சின்னவள் அவள் முன்னால் தரையில் மண்டிபோட்டாள். சாயங்காலத்துக்காகக் காலையிலிருந்து சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கண்ணா என்றாள். புள்ளி இல்லைன்னு எனக்குத் தெரியும், அதனால ஒண்ணுமே இல்லை கண்ணா என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

"எப்பலேர்ந்து?"

"உன் பிறந்தநாள்லேர்ந்து."

சிட்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். நாலாவது விரலில் நின்றாள்.

"அப்புறம் ஏம்மா தினமும் கேட்டே?"

நீ சந்தோஷமாகச் சொன்னாயே என்று அம்மா இழுத்தாள்.

"நீ சந்தோஷமா கேட்டே" என்றாள் சிட்டு. "அதனாலதான் சொன்னேன். புள்ளி வேற ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிடலாம்னு எப்பவோ நினைச்சேன். ஆனா வீட்டுக்கு வந்ததும் வராததுமா நீ கேப்பே. டப்பால வேற அவளுக்கும் வைப்பே. தினமும் பஸ்ல வரும்போது இன்னைக்கு என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வருவேன். தலை வலிக்கும்."

காலையிலிருந்து அக்காவின் மேல் கொட்டிய அத்தனை கோபத்துக்கும் கீழே தன் பங்கு ஒன்று இருந்ததைச் சின்னவள் இப்போதுதான் பார்த்தாள். பெரியவள் ஒரு முறை ஏமாற்றினாள். இவள் நாலு மாதமாகத் தினமும் சாயங்காலம் சிரித்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறாள். பாசம்தான். அதற்காக ஏமாற்று இல்லையென்று ஆகிவிடுமா?

பின்னால் பெரியவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கிளம்பலாமா, என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி இருக்கீங்க என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சிட்டு புத்தகத்தை மூடி, ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். இறங்கிக் கிடந்த சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் சின்னவளுக்கு ஒன்று உறைத்தது. புள்ளியின் பங்கு. நாலு மாதத்துக்கும் மேலாக ஒரு நாள்கூட டப்பாவில் ஒரு துண்டு மிஞ்சி வந்ததில்லை. ஒரு பிடி சாப்பாட்டுக்கே மூக்கால் அழுகிற பிள்ளை இரண்டு பேர் பங்கையும் தின்றிருக்க முடியாது.

"சிட்டு, அந்த இன்னொரு பங்கை யார் சாப்பிட்டாங்க?"

சிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவின் கைப்பையைப் பார்த்தாள்.

"ஒருத்தி இருக்கா" என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன். உன்கிட்ட சொன்னா நீ பெரியம்மாகிட்ட சொல்லிடுவே."